நெடுஞ்சாலையில் ஓடும் பிக்கப்புக்கு எம்டி டயரா, ஏடி டயரா?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். கோவையில் இருக்கும் ஒரு தம்பி இசுசு வி-கிராஸ் வைத்திருக்கிறார். 18 இன்ச் வீல், வண்டியோடு வந்த டயர் 50,000 கிலோமீட்டரைத் தாண்டி பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டிகள், தேய்ந்துவிட்டது. வாரம் முழுக்க வேலைக்காகக் கொச்சிக்கும் சேலத்துக்கும் நெடுஞ்சாலையில்தான் ஓட்டம். மாதம் இரண்டு முறை வால்பாறைக்கு மேலே தெரிந்தவருடைய எஸ்டேட்டுக்குப் போகிறார், அங்கே கடைசி நான்கு கிலோமீட்டருக்குத் தார் கிடையாது. நண்பர்கள் எம்டி, அதாவது மட் டெரெய்ன் டயர் போடச் சொல்கிறார்கள். கடைக்காரர் ஏடி, ஆல் டெரெய்ன், போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கடைக்காரர் சொல்வதை. விலை கூடின டயரைத் தள்ளிவிடப் பார்க்காமல் ஏடி போதும் என்று சொல்லும் கடைக்காரர் கிடைத்திருக்கிறார், அவரை விட்டுவிடாதீர்கள். ஆனால் ஏன் ஏடி, எந்த மாதிரி ஏடி, எப்போது எம்டி சரி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் உங்கள் நண்பர்கள் கட்சிதான். முந்தைய பிக்கப்பில் எம்டி போட்டு இரண்டு வருஷம் ஓட்டினேன். போட்ட அன்றைக்கு வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் போனேன், அந்த சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. ஆறே மாதத்தில் வீட்டுக்காரி, "இதுல போன்கூடப் பேச முடியல, நான் பஸ்ல வர்றேன்" என்று சொல்லிவிட்டாள்.

இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான். எம்டியில் கட்டிகள் பெரியவை, இடைவெளி அகலமானது, ஆழமும் அதிகம். கட்டி சேற்றுக்குள் இறங்கிக் கடிக்கும், சக்கரம் சுழலும்போது இடைவெளியில் அப்பிய சேறு வெளியே தெறிக்கும், அடுத்த சுற்றில் கட்டி மறுபடி சுத்தமாகக் கடிக்கும். சேற்றுக்கு வேண்டியது இதுதான், இதில் எம்டியை அடிக்க ஆளில்லை. ஏடியில் கட்டிகள் சின்னவை, நெருக்கமானவை, ஒவ்வொரு கட்டியிலும் பிளேடால் கீறியது போல மெல்லிய கோடுகள் நிறைய இருக்கும். அந்தக் கோடுகளை சைப் என்பார்கள். சாலையில் இருக்கும் ஈரப் படலத்தை உடைத்து ரப்பரைத் தாரோடு ஒட்ட வைப்பது அந்த சைப்தான். எச்டி என்கிற ஹைவே டயரில் இது இன்னும் நெருக்கம். ஏடி என்ற வகையே பாலைவனப் பந்தயத்திலிருந்து வந்தது என்பது ஒரு சுவாரசியம்: மெக்சிகோவின் பாஹா பகுதியில் நடக்கும் பந்தயத்துக்காக பிஎஃப் குட்ரிச் 1976-இல் கொண்டுவந்த ரேடியல் டயர்தான் இந்த வகையின் தொடக்கம். ஆக, ஏடி என்றால் பாதி டயர், எம்டிதான் முழு டயர் என்கிற பேச்சில் உண்மை இல்லை. கல், மணல், மண் ரோடு எல்லாம் ஏடியின் சொந்த ஊர். ஆழமான சேறு மட்டும்தான் அதற்கு வெளியூர்.

இப்போது உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். ஜூன் தொடங்கினால் வாளையாறு தாண்டியதிலிருந்து கொச்சி வரைக்கும் ஈரத் தார். தொட்டுத் தொட்டு நிற்கும் பஸ், நடுவில் புகும் பைக், சிக்னல் இருக்கும் இடத்தில் திடீரென்று நிற்கும் லாரி. ஈரத் தாரில் எம்டியின் பிரேக் பிடிப்பு குறைவு. தரையில் படும் ரப்பர் குறைவு, சைப் குறைவு, கல்லில் கிழியாமல் இருக்க ரப்பர் கலவையும் பெரும்பாலும் கொஞ்சம் கடினம். மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஈரச் சாலையில் ஒரு டயரின் பிடிப்பை 0.6 என்றும் இன்னொன்றின் பிடிப்பை 0.5 என்றும் வைத்துக்கொள்வோம். இது எந்த டயரையும் அளந்து எடுத்த எண் இல்லை, கணக்குக்காக மட்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் பிரேக்கை அழுத்தினால் முதல் வண்டி சுமார் 42 மீட்டரில் நிற்கும், இரண்டாவது 50 மீட்டரில். எட்டு மீட்டர்தானே என்று தோன்றும். முதல் வண்டி நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு ஏறக்குறைய 33 கிலோமீட்டர். அந்த இடத்தில் ஒரு பைக்காரர் இருந்தால்? சேற்றில் மாட்டினால் அரை மணி நேரத்தில் யாராவது டிராக்டர் கொண்டுவருவார்கள், டீ குடித்துக்கொண்டு காத்திருக்கலாம். இதற்கு யாரைக் கூப்பிடுவது?

இதற்கு ஒரு மறுப்பு வரும், வரட்டும், அதில் பாதி உண்மையும் இருக்கிறது: எம்டியில் பெரிய பெரிய வாய்க்கால் இருப்பதால் மழைத் தண்ணீரை நன்றாக வெளியேற்றும் என்பார்கள். சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில், புது டயராக இருக்கும்வரை, அது சரிதான், எம்டி தண்ணீர் மேல் மிதப்பது குறைவு. ஆனால் நாம் மழையில் ஓட்டும் நூறு கிலோமீட்டரில் தண்ணீர் தேங்கிய இடம் எவ்வளவு, வெறுமனே நனைந்து வழவழவென்று கிடக்கும் தார் எவ்வளவு? முதல் மழையில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து குழம்பு மாதிரி ஆகும் அந்தத் தாரில் வாய்க்காலுக்கு வேலை இல்லை, சைப்புக்குத்தான் வேலை.

பிக்கப்புக்கு என்று தனியாக ஒரு சங்கடம் இருக்கிறது, கார்க்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பின்னால் தொட்டி காலியாக இருந்தால் பின்சக்கரத்தின் மேல் பாரமே இல்லை, அந்தப் பக்கம் சுமை தாங்குவதற்காகப் போட்ட பட்டை ஸ்பிரிங் விறைப்பாக நிற்கும், 2எச்-இல், அதாவது இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலையில், இழுவை முழுவதும் அந்தச் சக்கரங்களில்தான். மழையில் ஒரு ரவுண்டானாவில் கொஞ்சம் அவசரமாக ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் பின்பக்கம் தானாக வெளியே வரும். என் பழைய வண்டியில் எம்டியோடு இது இரண்டு முறை நடந்தது, இரண்டு முறையும் வேகம் முப்பதைத் தாண்டவில்லை. அதற்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. வால்பாறை ஏற்றத்தில் ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள், தென்மேற்குப் பருவமழையில் எல்லாம் ஈரம், மூடுபனி வேறு. எஸ்டேட்டின் நான்கு கிலோமீட்டர் மண் ரோட்டை மட்டும் யோசித்து டயர் வாங்கினால் அந்த நாற்பது வளைவையும் மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சத்தம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய கட்டி ஒவ்வொன்றும் தாரில் அறைகிறது, இடைவெளியில் மாட்டிய காற்று அமுங்கி வெளியேறுகிறது, அதனால்தான் அந்த ஊளை. புதிதில் பரவாயில்லை, தாங்கிக்கொள்ளலாம். கட்டிகளின் ஒரு விளிம்பு மட்டும் அதிகமாகத் தேய்ந்து ரம்பப் பல் மாதிரி ஆகத் தொடங்கினால் பேரிங் போய்விட்டதோ என்று மெக்கானிக்கிடம் ஓடும் அளவுக்கு ஊளை வரும். நான் உண்மையிலேயே ஓடினேன். அவர் டயரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஏடியிலும் இந்தத் தேய்மானம் வரும், ஆனால் மெதுவாக. மைலேஜும் குறையும்: டயர் எடை கூட, உருள்வதற்கான எதிர்ப்பு கூட. எனக்கு லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட குறைந்தது. உங்கள் மாத ஓட்டத்துக்கு டீசல் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டன் ஆழம் அதிகம், அதனால் எம்டி ரொம்ப நாள் உழைக்கும் என்று நினைப்பதும் தப்பு. சூடான தாரில் உயரமான கட்டிகள் முன்னும் பின்னும் ஆடும், அந்த ஆட்டத்திலேயே ரப்பர் தேய்ந்து போகும். சேற்றில் உழைக்கச் செய்த டயரை மே மாத சேலம் ரோட்டில் 100-இல் ஓட்டினால் அது சந்தோஷப்படாது.

சரி, எம்டி யாருக்கு? கரிசல்காட்டுக்காரருக்கு. கோவில்பட்டிப் பக்கமோ பல்லடம் தாண்டியோ கரிசல் மண்ணில் தோட்டம் இருந்து, ஐப்பசி மழையில் தினமும் உள்ளே போய் வர வேண்டும் என்றால் நான் மறுபேச்சு பேசாமல் எம்டி என்பேன். நனைந்த கரிசல் களிமண் மாதிரி ஒட்டும், ஏடியின் சின்ன இடைவெளிகளை முதல் இருபது அடியிலேயே அப்பி மூடிவிடும், அப்புறம் உங்களிடம் இருப்பது நான்கு வழவழப்பான கறுப்பு உருளை. அங்கே எம்டிதான் சேற்றை உதறும், அதுவும் சக்கரத்தைக் கொஞ்சம் சுழல விட்டால்தான். நனைந்த செம்மண் வேறு கதை. பெரும்பாலும் மேலே ஒரு விரல்கடை வழுக்கும், அடியில் கெட்டியாக இருக்கும். ஏடியை நிதானமாக ஓட்டினால் போதும். மணலில் எம்டி உதவுவதற்குப் பதிலாகக் கெடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டு மணலில் எம்டி கட்டிகள் மண்வெட்டி மாதிரி தோண்டிக்கொண்டே இறங்கும். அங்கே காற்றைக் குறைத்து டயரின் பாதத்தை நீளமாக்கி மணல் மேல் மிதப்பதுதான் வித்தை, அதற்கு ஏடி அல்லது பாதி தேய்ந்த எச்டிகூடப் போதும்.

உங்கள் எஸ்டேட் ரோடு இதில் எது? தேயிலை எஸ்டேட்டுக்குள் நான் பார்த்தவரை ரோடு பெரும்பாலும் கல் பாவியது, ஓரங்களில் கூரான சரளை, நடுவில் மழை அரித்த பள்ளம். சேறு இருக்கும், முழங்கால் ஆழச் சேறு இருக்காது, இருந்தால் எஸ்டேட் டிராக்டரே போகாது. இந்த மாதிரி ரோட்டில் டயரைக் கொல்வது பக்கச்சுவரில் விழும் வெட்டு. பட்டனில் ஆணி ஏறினால் பஞ்சர் கடையில் முடிந்துவிடும், பக்கச்சுவர் கிழிந்தால் டயர் குப்பைக்குத்தான். ஆக, நீங்கள் எம்டியில் தேடுவது, உங்களுக்கே தெரியாமல், அதன் பட்டனை அல்ல, அதன் கெட்டியான பக்கச்சுவரை. அது ஏடியிலும் கிடைக்கிறது! இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.

ஏடி என்ற பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று, கார் டயரின் உடம்பில் ஏடி பட்டன் வைத்தது. மெத்தென்று இருக்கும், எடை குறைவு, சத்தம் குறைவு. அப்பல்லோ, சியட், யோகோஹாமா என்று எல்லோரிடமும் உண்டு. இன்னொன்று எல்டி, லைட் டிரக் உடம்பு. அளவுக்கு முன்னால் எல்டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். பக்கச்சுவர் தடிப்பு, எடை கூடுதல், காலித் தொட்டியில் கொஞ்சம் தூக்கிப் போடும். எல்டியிலேயே லோட் ரேஞ்ச் சி, டி, இ என்று படிகள் உண்டு. இ என்றால் 10 பிளை என்று கடையில் பெருமையாகச் சொல்வார்கள், உள்ளே பத்து அடுக்கு இருக்கிறது என்று பொருளில்லை, பருத்தி நூலில் டயர் செய்த காலத்துக் கணக்கு இன்னும் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு இ தேவையே இல்லை. தினமும் ஒரு டன் ஏற்றுகிறவர்களுக்கு அது. எஸ்டேட் கல்லுக்குப் பயமாக இருந்தால் சி-யில் ஒரு எல்டி ஏடி, இல்லை, மாதம் இரண்டு தடவைதானே, நிதானமாகப் போவேன் என்றால் சாதாரண உடம்பு ஏடி. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டாவதைத்தான் எடுப்பேன், வாரம் ஆறு நாள் உட்கார்ந்து ஓட்டப்போவது நெடுஞ்சாலையில் என்பதால்.

எல்டி எடுத்தால் ஒன்றை மறக்கக் கூடாது: கதவோரம் ஒட்டியிருக்கும் காற்றளவு அதற்குப் பொருந்தாது. அதே பாரத்தைத் தாங்க எல்டி டயருக்குக் காற்று கூடுதலாக வேண்டும். பழைய அளவிலேயே அடைத்து ஓட்டினால் பக்கச்சுவர் வளைந்து வளைந்து சூடேறும். எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதற்கு டயர் கம்பெனியின் பாரம்–காற்று அட்டவணை இருக்கிறது, கடையில் கேட்டு வாங்குங்கள், பெட்ரோல் பங்க் பையன் சொல்வதைக் கேட்காதீர்கள்.

டயரில் எழுதியிருக்கும் எண்களையும் பாருங்கள். அளவுக்குப் பின்னால் வரும் எண் பாரக் குறியீடு: 109 என்றால் ஒரு டயர் 1,030 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ. வண்டியோடு வந்த டயரின் எண்ணுக்குக் குறைவாக எதையும் வாங்காதீர்கள், கடைக்காரர் என்ன தள்ளுபடி கொடுத்தாலும். அடுத்து வரும் எழுத்து வேகத்துக்கு. எம்டிகளில் பெரும்பாலும் க்யூ இருக்கும், 160 கிலோமீட்டர் வரை. நம் ரோட்டுக்கு அது போதும் என்றாலும், அந்த டயர் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அந்த எழுத்தே சொல்லிவிடுகிறது. மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் படம் போட்ட ஏடிகள் இருக்கின்றன, அது பனிச் சோதனையில் தேறியதற்கான முத்திரை, நமக்கு வேண்டாம், இருந்தால் நஷ்டமும் இல்லை.

அளவு. உங்களுடையது 255/60 ஆர்18, கிட்டத்தட்ட 763 மில்லிமீட்டர் உயரம். கடையில் அந்த அளவில் ஏடி இல்லை, 265/60 ஆர்18 போடலாமா என்று கேட்பார்கள். அது 775 மில்லிமீட்டர், ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது உள்ளே உரசுகிறதா என்று மட்டும் கடையிலேயே இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்துவிடுங்கள். 265/65 ஆர்18 என்றால் 802, ஐந்து சதவீதம். அங்கே கியர் இழுவை தளரும், பிரேக்குக்கு வேலை கூடும், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் அளவு நாடாவோடு வருவார். நண்பர்கள் காட்டும் படங்களில் இருப்பது பெரும்பாலும் இந்த மாதிரி ஏற்றிய வண்டிகள்தான். வேண்டாம்.

வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு வெளிநாட்டு ஏடி சில அளவுகளில் எளிதாகக் கிடைப்பதில்லை, அதனால் கிடைத்ததே பெரிது என்று மூன்று வருஷம் பழைய சரக்கை எடுத்துவிடுவார்கள். ஒரு கடையில் எனக்கே அப்படி நான்கில் இரண்டு பழையதாக வந்தது, தேதி நான்கிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன், திரும்பக் கொண்டுபோனால் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்ற பதில்தான். மாட்டுவதற்கு முன்னால் பாருங்கள், மாட்டிய பிறகு பேச்சு எடுபடாது.

மாட்டியதும் பேலன்ஸிங், அலைன்மென்ட் இரண்டும் அன்றைக்கே. அப்புறம் 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ரொட்டேஷன், அதாவது சக்கரங்களை இடம் மாற்றி மாட்டுவது. எச்டியில் இதைத் தள்ளிப்போட்டால் மன்னித்துவிடும், ஏடி மன்னிக்காது, அந்த ரம்பப் பல் ஊளை ஒரு தடவை வந்துவிட்டால் பின்னால் ரொட்டேஷன் செய்தும் முழுதாகப் போகாது. சட்டப்படி பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஆனால் மழையில் மலை ஏறுகிறவர் அதுவரை காத்திருக்க வேண்டாம். மூன்று மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள்.

எஸ்டேட் ரோட்டில் ஏடியைக் கொண்டு எம்டி வேலை வாங்க ஒரு வழி இருக்கிறது, செலவு அதிகமில்லை. 12 வோல்ட் காற்று பம்பு ஒன்று, ஒரு நல்ல பிரஷர் மீட்டர், ஒரு இழுவைப் பட்டை. தார் முடிகிற இடத்தில் 22 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள், 4எல், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான நிலை, போட்டு இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே ஏற விடுங்கள். காற்று குறைந்த டயர் கல்லைச் சுற்றி வளைந்துகொள்ளும், வெட்டும் குறையும், பிடிப்பும் கூடும். வேகம் மட்டும் வேண்டாம், பத்துப் பதினைந்துக்குள். திரும்பி வரும்போது தாரில் ஏறுவதற்கு முன்னால் மறுபடி அடைத்துவிடுங்கள், குறைந்த காற்றோடு வளைவில் இறங்குவது எம்டியை விடப் பெரிய தப்பு.

அப்படியும் மனசு எம்டியிலேயே நிற்கிறது என்றால், வண்டி உங்களுடையது, ஆசையும் உங்களுடையது. ஆனால் பழைய வீல் செட் ஒன்றை வாங்கி எம்டியை அதில் மாட்டி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் சேறு தேடிப் போகும் பயணத்துக்கு மட்டும் மாட்டுங்கள். இரண்டு எம்டி பின்னால், இரண்டு ஏடி முன்னால் என்று யாராவது யோசனை சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். உயரம் வேறுபட்ட சக்கரங்களோடு 4எச், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வேக நிலை, போட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இருக்கும் டிரான்ஸ்பர் கேஸ்தான் அந்த வித்தியாசத்தை முறுக்காகத் தாங்கும், மழையில் முன்பக்கம் ஒரு பிடி, பின்பக்கம் ஒரு பிடி என்று வண்டி இரண்டு மனசாக ஓடும்.

இதே காரணத்துக்காக ஸ்டெப்னியையும் கணக்கில் சேருங்கள். ஐந்தாவது டயரும் அதே ஏடியாக வாங்க முடிந்தால் நல்லது, ரொட்டேஷனில் அதையும் சுற்றில் விடலாம். முடியாவிட்டால் இப்போது ஸ்டெப்னியாக இருக்கும் பழைய டயரைக் கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். அது தரையையே தொடாமல் புதிதாகக் கிடக்கும். அது ஒரு சக்கரத்தில் இருக்கும்போது 2எச்-இலேயே ஓட்டி பஞ்சர் கடைவரை போய்விடலாம்.